கணக்கு வைத்திருந்தோம்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவின் பின்னால் மளிகைக் கடைக் காலண்டர் ஒன்று தொங்கும். சீட்டுப் பணம் கட்டும் தேதி, கேஸ் மாற்றிய தேதி, பால் வராத நாள் என்று எல்லாவற்றையும் அம்மா அதில்தான் எழுதுவாள். எழுத்தில்லாமல் வெறும் பென்சில் புள்ளியாகவும் சில தேதிகள் இருக்கும். அது அக்கா வீட்டுக்கு விலக்கான நாள்களின் கணக்கு என்று பல வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. ஒரு மாதம் ஏழு புள்ளி, ஒரு மாதம் எட்டு, சில மாதம் ஒன்பது.

"இன்னுமாடி நிக்கல?" என்பாள் அம்மா. குலதெய்வம் கோயிலுக்கு வேன் பேசியிருப்பார்கள், இல்லையென்றால் மாமா வீட்டில் காதுகுத்து இருக்கும். அம்மாவுக்குக் கவலைதான். வேனுக்கு முன்பணம் கொடுத்தாயிற்றே என்ற கவலை.

நாங்கள் கவனிக்கவே இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய். வடலூரில் எங்கள் தெருவில் எந்த வீட்டைக் கேட்டாலும் பெண்பிள்ளையின் தேதி சுத்தமாக நினைவில் இருக்கும். யார் கிணற்றடிக்கு வரக்கூடாது, யார் ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது, எந்த நாளில் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வரலாம் என்பதில் தவறே நேராது. கல்யாணமானதும் அதே கணக்கு மாமியார் கைக்குப் போகும். அங்கே கேள்வி மாறிவிடும்: நாள் தள்ளிப் போயிருக்கிறதா, முழுகாமல் இருக்கிறாளா? தீட்டுக்கு ஒரு கணக்கு, பேரப்பிள்ளைக்கு ஒரு கணக்கு. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண்ணின் வலியும் ரத்தமும் யார் பேரேட்டிலும் ஏறவில்லை.

நான் ஏற்றியிருக்கலாம். மாதாமாதம் மருந்துக் கடைக்குப் போனவன் நான்தான். நாலு ரோடு முக்கில் இருந்த கடை அது. கடைக்காரர் என்னைக் கண்டதுமே அட்டையிலிருந்து மெஃபனாமிக் மாத்திரை நாலைந்தைக் கத்தரித்து, பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுத்துவிடுவார். என்ன வேண்டும் என்று கேட்டதே இல்லை. அவர் கேட்காமல் இருந்ததை நான் பெரிய உபகாரமாக நினைத்தேன். பத்து, பதினோரு வயதுப் பையனுக்கு 'வயித்துவலி மாத்திரை' என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். வீட்டுக்கு வந்தால் அக்கா பின்கட்டில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சாக்கின் மேல் கிடப்பாள். மாத்திரையை எட்டி நின்று போடுவேன், தொட்டுவிடக்கூடாது என்று. விளையாட்டை விட்டுவிட்டு இதற்காக ஓட வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக இருக்கும்.

அரிசியும் தின்பாள். குதிருக்குள் கையை விட்டுப் பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு திரிவாள். "உன் கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டப் போவுதுடி" என்று ஆயா சிரிப்பாள், நாங்களும் சிரிப்போம். உடம்பில் இரும்புச்சத்து வற்றிப்போனவர்களுக்கு அரிசி, மண், சாம்பல் மேலெல்லாம் ஆசை வரும் என்பது மருத்துவம் எப்போதோ எழுதிவைத்த விஷயம். 2006 ஆவணியில் அவள் கல்யாணம் நடந்தது. அன்றைக்கு மழையும் இல்லை.

தைப்பூசம் வந்தால் எங்கள் ஊருக்கு எங்கிருந்தெல்லாமோ ஜனம் வரும். வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையவில்லை என்று வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்வோம். ஞான சபையில் ஏழு திரை விலகி ஜோதி தெரியும்போது வெள்ளை உடுத்திய கூட்டம் கடலாக நிற்கும். எங்கள் வீட்டுப் பெண்களும் அன்றைக்கு வெள்ளைச் சேலைதான். அக்கா மட்டும் ஒரு வருடம் மாட்டேன் என்றாள். விலக்கு முடிந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆனாலும் அரக்கு நிறப் பாவாடை தாவணியில்தான் வருவேன் என்று பிடிவாதம். "ஊரே வெள்ளையில வருது, இவளுக்கு மட்டும் ஒய்யாரம்" என்று அப்பா திட்டினார். நானும் ஒத்து ஊதினேன். முடிந்ததாக எண்ணிய ரத்தம் எந்த நேரமும் திரும்பலாம், காலையிலிருந்து மாலை வரை அந்தத் திடலில் ஒதுங்க இடமில்லை, அதற்கு வெள்ளைச் சேலை என்றால் என்ன அர்த்தம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உயிர்களுக்கு வரும் துன்பங்களை எண்ணும்போது பசியோடு பிணியையும் சேர்த்தே எழுதியவர் வள்ளலார். வடலூர்க்காரர்கள் நாங்கள் யாரைக் கண்டாலும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கப் பழகியவர்கள். அடுத்த கேள்வியைக் கேட்கப் பழகவில்லை.

கல்யாணமாகிப் புவனகிரிக்குப் போனாள். ஆறாவது மாதமே விசாரிப்பு தொடங்கிவிட்டது. "விசேஷம் எதாவது உண்டா?", "புழு பூச்சி ஒண்ணும் இல்லியா?" விருந்துக்குப் போன இடம், துக்கம் கேட்கப் போன இடம், பேருந்தில் பக்கத்து இருக்கை என எங்கும் இதே கேள்விதான். 2008இல் கரு நின்றது, பத்தாவது வாரத்தில் கலைந்தது. 2010இல் மறுபடி. 2013இல் மூன்றாவது. இதற்கிடையே சிதம்பரத்திலும் கடலூரிலும் ஏறி இறங்கிய படிகளை எண்ண முடியாது. நாலு வருடம் அக்காவுக்கு மட்டுமே சோதனை நடந்தது. அக்காவின் கணவருக்கும் ஒன்று எடுத்துப் பார்க்கலாம் என்று ஐந்தாவது வருடத்தில்தான் ஒரு டாக்டர் சொன்னார். அதைச் சொன்னதற்காகவே அந்த டாக்டரை மாற்றினார்கள். அந்த முடிவெடுத்த கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

2014இலும் 2015இலும் 'கரு வச்சாங்க'. செயற்கைக் கருத்தரிப்புக்கு எங்கள் பக்கத்தில் இதுதான் பெயர். முதல் தடவைக்கு அவள் நகை, இரண்டாவது தடவைக்கு எங்கள் நிலத்தில் ஒரு பகுதி. இரண்டும் தங்கவில்லை. 'கருமுட்டை நல்லா இருக்கு, கருவும் நல்லா வளர்ந்துச்சு, ஏன் ஒட்டலன்னு தெரியல' என்றார்கள்.

2016இல் புதுச்சேரியில் ஒரு டாக்டரம்மா கோப்பைத் திறக்காமல் முதலில் ஒரு கேள்வி கேட்டார்: "மாசாமாசம் வலி எப்படி இருக்கும்?" பத்து வருடத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான் என்று அக்கா சொன்னாள். அதன் பிறகு ஸ்கேன். கர்ப்பப்பையின் பின்சுவர் முன்சுவரைவிட நன்றாகத் தடித்து, மொத்தப் பையும் பந்து மாதிரி உருண்டிருந்தது. அடினோமயோசிஸ் என்றார். பிறகுதான் கோப்பைப் புரட்டினார். 2009 ஸ்கேன் தாளிலும் 2012 தாளிலும் 'பல்க்கி யூட்ரஸ்' என்று அச்சாகியிருந்தது. கர்ப்பப்பை பெருத்திருக்கிறது என்று பொருள். ஏழு வருடமாக அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நாங்கள் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறோம்.

கிராமத்துக்காரனுக்குப் புரிகிற மாதிரி சொல்வதானால் இது ஓதம் ஏறிய சுவர். கர்ப்பப்பையின் உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. மாதாமாதம் தடித்து, கரு தரிக்காவிட்டால் உதிர்ந்து வெளியேறுவது அதுதான். அந்தச் சவ்வின் திசு வெளியே தசைச்சுவருக்குள் இறங்கி வேர்பிடித்துவிட்டால் அடினோமயோசிஸ். அங்கேயும் அது மாதாமாதம் வீங்கும், கசியும், ஆனால் வெளியேற வழி கிடையாது. சுற்றியுள்ள தசை முறுக்கிக்கொண்டு தடிக்கும். வலியும் பெருக்கும் அதனால்தான். சுவரின் மேல் படிந்த பாசியைச் சுரண்டலாம், சுவருக்குள் ஏறிய ஓதத்தைச் சுரண்ட முடியாது. நார்க்கட்டியானால் உருண்டையாகப் பிரித்தெடுத்துவிடலாம். இது தசையோடு தசையாகப் பின்னிக் கிடப்பது. இந்த நோய் உள்ள பெண்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கரு ஏன் ஒட்டவில்லை என்ற கேள்விக்குப் பதிலின் ஒரு பகுதியும் இங்கேதான் இருக்கிறது. கர்ப்பப்பையின் உள்தசை சும்மா இருப்பதில்லை. மாதத்தின் நாளுக்கு ஏற்ப மெல்லிய அலைபோல அசையும். விந்தணுவை மேலே தள்ளிவிடவும், கரு வந்து இறங்கும் நாள்களில் அடங்கியிருக்கவும் அதற்குத் தெரியும். இந்த நோயில் அந்த அலை தாறுமாறாகிறது, அடங்க வேண்டிய நாளிலும் அடங்குவதில்லை. சவ்வில் ஓயாத அழற்சி. கருவைத் தாங்கச் சவ்வைப் பதப்படுத்தும் புரோஜெஸ்ட்ரோன் போதுமான அளவு சுரந்தாலும் அதன் பேச்சைச் சவ்வு கேட்பதில்லை. இத்தாலிய மருத்துவர்கள் 2014இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். செயற்கைக் கருத்தரிப்புக்கு வந்தவர்களில் அடினோமயோசிஸ் உள்ள பெண்களுக்குக் கரு நிற்கும் வாய்ப்பு 28 சதவீதம் குறைவு. நின்ற கருவிலும் நூற்றுக்கு 32 கலைந்திருந்தது. இந்த நோய் இல்லாதவர்களிடம் அது 14. நின்று வளர்ந்தாலும் குறைமாதப் பிரசவம், ரத்த அழுத்தம், எடை குறைந்த குழந்தை என்ற அபாயங்கள் கூடுகின்றன. அதே நேரம், இந்த நோயோடு இயல்பாகக் கருவுற்று முழுமாதத்தில் பெற்றவர்களும் நிறையப் பேர். நோயின் பெயரைக் கேட்டதும் 'இனி அவ்வளவுதான்' என்று முடிவுகட்டுகிற உறவினர்களுக்காக இதைத் தனியே சொல்கிறேன். அப்படி முடிவுகட்டியவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர்.

நோய் புதியதல்ல. தருமச்சாலை அடுப்பு மூட்டப்படுவதற்கு ஏழு ஆண்டு முன்பே, 1860இல், வியன்னாவில் ரோகிடான்ஸ்கி என்ற நோய்க்குறியியல் அறிஞர் இதை விவரித்துவிட்டார். 1908இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தாமஸ் கல்லன் இதைப் பற்றி முழுப் புத்தகமே எழுதினார். 1925இல் ஃபிராங்கிள் வைத்ததுதான் இன்றைய பெயர். இவ்வளவு தெரிந்தும் ஒரு கோணல் நூறு ஆண்டு நீடித்தது. கர்ப்பப்பையை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் நோய் உறுதிப்படும் என்ற நிலை. வெட்டியெடுப்பது யாருக்கு? நாற்பதைத் தாண்டி, இரண்டு மூன்று பெற்று முடித்தவர்களுக்கு. ஆகவே நாற்பதைத் தாண்டிப் பல பிள்ளை பெற்றவர்களின் நோய் இது என்று பாடப்புத்தகம் எழுதிவைத்தது. தேடிய இடத்தில்தான் கிடைத்தது, கிடைத்த இடத்தில்தான் மறுபடி தேடினார்கள். பதினாறு வயதுப் பெண்ணின் வலிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று எண்ணவே, ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் வந்து கண்ணுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

ஸ்கேன் வந்த பிறகும் எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு அது எட்டவில்லை. இதைத் தெளிவாகக் காட்டுவது உள்வழி ஸ்கேன். "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு உள்ளே விட்டுப் பாக்குறதா?" என்று நாங்களே மறுத்துவிடுவோம், அவர்களும் வற்புறுத்த மாட்டார்கள். எம்.ஆர்.ஐ. என்றால் செலவு. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் தப்பிவிடும் சாத்தியம் அதிகம். அதனால் நோய் தெரிவது கல்யாணத்துக்குப் பிறகு, அதுவும் குழந்தை இல்லை என்று போகும்போது.

புதுச்சேரியிலிருந்து திரும்பிய வாரம் அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். வீட்டுப் பத்திரத்துக்கும் எல்.ஐ.சி. ரசீதுகளுக்கும் அடியில் அத்தையின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் கிடந்தன. அத்தைக்கு 1999இல், முப்பத்தேழு வயதில், கர்ப்பப்பையை எடுத்தார்கள். அவள் பட்டதைப் 'பெரும்பாடு' என்பாள் ஆயா. சித்த மருத்துவத்தில் அதிக உதிரப்போக்குக்கு அதுதான் பெயர். விவிலியத்தின் தமிழிலும் பன்னிரண்டு வருடம் உதிரம் போய், கைப்பொருளையெல்லாம் வைத்தியருக்குச் செலவழித்த பெண்ணுக்கு இதே சொல்தான். பாடு என்ற சொல்லையே பெயரில் வைத்துக்கொண்டு அதைச் சாதாரணமாகச் சொல்லிவந்த சமூகம் நாம். அத்தையின் பையை எடுத்த அன்று ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து காட்டினார்களாம். அப்பா பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். பத்து நாள் கழித்து வந்த பயாப்ஸி ரிப்போர்ட்டை யாரும் பிரித்துப் படிக்கவில்லை. மஞ்சளேறிய அந்தத் தாளின் கடைசி வரியில் தட்டச்சில் இருந்தது: அடினோமயோசிஸ். அத்தைக்கு வந்ததால்தான் அக்காவுக்கு வந்தது என்று சொல்ல வரவில்லை. அந்தச் சொல் பதினேழு வருடமாக எங்கள் கூரைக்கடியில் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

அத்தை விதிவிலக்கும் அல்ல. 2015-16இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில்தான் முதன்முதலாக நாடு முழுக்கப் பெண்களிடம் கர்ப்பப்பை நீக்கம் பற்றிக் கேட்டார்கள். எடுத்துக்கொண்டதாகச் சொன்னவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் காரணமாகச் சொன்னது உதிரப்போக்கும் வலியும். அறுவை நடந்த வயது பெரும்பாலும் முப்பத்துநாலையொட்டி. எங்கள் பக்கம் பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களிடம் பேசிப் பாருங்கள். எண்ணெய் பட்டுக் கருத்த விரலைக் காட்டுவார்கள். வேலைக்கேற்ற கூலி, நாலு நாள் படுத்தால் நாலு நாள் கூலி போச்சு. "எடுத்துட்டா நிம்மதிங்க" என்று அவர்கள் சொல்வதை அறியாமை என்று எழுதிவிட எனக்குக் கை வரவில்லை. வேறு வழி இருக்கிறது என்று யார் போய்ச் சொன்னார்கள்?

வேறு வழிகள் இருக்கின்றன. ரத்தப்போக்கை மட்டுப்படுத்தும் டிரனெக்ஸாமிக் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைத்தால் ஐந்து வருடம் கொஞ்சங் கொஞ்சமாக ஹார்மோன் கசியும் சாதனம், டையனோஜெஸ்ட் மாத்திரை, மாதவிடாயையே சில மாதம் நிறுத்திவைக்கும் ஊசி. ஆனால் இதில் ஒரு கொடுமையான முடிச்சு உண்டு. வலியை அடக்கும் ஹார்மோன் மருந்துகளில் அநேகம் கருத்தரிப்பதையும் தடுக்கும். குழந்தைக்கு முயல வேண்டுமானால் மருந்தை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் வலி திரும்பும். சிலருக்கு அந்த ஊசியை இரண்டு மூன்று மாதம் போட்டுச் சுவரை அமைதிப்படுத்திவிட்டுப் பிறகு கருவை வைக்கிறார்கள். நோய் பிடித்த தசையை மட்டும் செதுக்கியெடுக்கும் அறுவையும் இருக்கிறது, ஆனால் பின்னால் கர்ப்பம் தரித்தால் தையலிட்ட சுவர் கிழியலாம் என்ற பயம் கூடவே வரும். எது, எப்போது என்பது அந்தந்தப் பெண்ணைப் பொறுத்தது. அக்காவின் விஷயத்தில் எல்லாவற்றையும் நாங்களே தீர்மானித்தோம். புதுச்சேரி டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, "இதைச் சாப்பிட்டா எப்படி நிக்கும்?" என்று அவள் மாமியார் அதை வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டார். எங்கள் அம்மாவும் சரி என்றாள். இரண்டு வருடம் வெறும் வலியோடு முயன்றாள் அக்கா. குழந்தை தங்கவில்லை.

வீட்டை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர முடியாது. பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். நல்லதுதான். 2019-21 கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் ரத்தசோகை. பாத்திரத்தில் ஊற்றுகிறோம், அடியில் ஓட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தோமா? அரசின் புதுயுகம் திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு ஆறு ஆறாக மூன்று பொட்டலம் அணையாடை. அதில் பாதி ஒரே நாளில் தீர்ந்துபோகிற பிள்ளை வகுப்பில் யார் என்று கையெழுத்து வாங்கும் நோட்டில் ஒரு கட்டம் போட்டிருக்கலாம். என் மனைவி ஆசிரியை. "அந்தப் பிள்ளைங்க மாசம் ரெண்டு நாள் லீவு போட்டா, ஹோம்வொர்க் பயம்னு நெனச்சிருக்கேன்" என்று ஒரு நாள் அவளாகவே சொன்னாள்.

எழுதுகிற நாங்களும் இந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். மெஃபனாமிக் மாத்திரையால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தபோது, பத்திரிகையும் வாட்ஸ்அப்பும் ஒரு வாரம் அலறின. மாத்திரையைப் பற்றி எல்லோரும் எழுதினோம். மாதாமாதம் அதை விழுங்குகிறவள் ஏன் விழுங்குகிறாள் என்று எழுதவில்லை. இந்தக் கட்டுரையையே பாருங்கள். அடினோமயோசிஸ் பற்றி எழுதட்டுமா என்று ஆசிரியரிடம் கேட்டால் யோசிப்பார். குழந்தையின்மை என்றதும் பக்கம் ஒதுக்குவார். பிள்ளை வரம் என்றால்தான் கர்ப்பப்பைக்கு மவுசு. பிள்ளையே வேண்டாம் என்றிருக்கிற பெண்ணுக்கும், கல்யாணமே செய்துகொள்ளாதவளுக்கும் இதே வலி உண்டு. அவர்களுக்காக இதைத் தொடங்கியிருப்பேனா என்று கேட்டால், தொடங்கியிருக்க மாட்டேன்.

2018இல் அக்கா, போதும் என்றாள். யாரையும் கேட்கவில்லை. டையனோஜெஸ்ட் மாத்திரையைத் தானே வாங்கிச் சாப்பிடத் தொடங்கினாள். மூன்றாவது மாதம் ரத்தம் நின்றது, வலி நின்றது. அடுத்த பூசத்துக்கு வடலூர் வந்தபோது வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். கூட்டத்தில் ஐந்து மணி நேரம் நின்றாள். வெளியே வந்து பொரியும் பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டு நடக்கையில், "ஏன்டா, இதைப் பதினாறு வயசுலயே குடுத்திருக்கலாமில்ல?" என்றாள். கோபமெல்லாம் இல்லை. பேருந்துக்கு எத்தனை மணி என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மகளுக்குப் பதினாலு வயது. "ஏங்க, பாப்பாவுக்கு வயித்துவலியாம். வரும்போது மாத்திரை வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி. நாலு ரோட்டுக் கடை இப்போது கண்ணாடிக் கதவும் ஏசியுமாக மாறிவிட்டது. கல்லாவில் கடைக்காரரின் மகன். அட்டையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுக் கொடுத்தான். அவனும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து உறையை டிவி பக்கத்தில் வைத்துவிட்டுக் கிரிக்கெட் பார்த்தேன்.

இரவு அக்கா போன் செய்தாள். "பாப்பா எங்க, சத்தத்தையே காணோம்?"

"படுத்திருக்காக்கா. வயித்துவலின்னா. மாத்திரை வாங்கிக் குடுத்தேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"எத்தனை நாள் போவுது அவளுக்கு?"

"தெரியலக்கா."

"மாசாமாசம் இப்படித்தான் படுத்துக்குறாளா?"

"தெரியலக்கா."

"ஸ்கூலுக்குப் போறாளா அன்னிக்கு?"

"இருக்கா, அவகிட்டயே குடுக்குறேன்" என்று எழுந்து போய், சாத்தியிருந்த கதவைத் தட்டினேன்.